கையொப்பத்துக்கு மேல் ஒரு கையொப்பம்
வெளிநாட்டுக்குச் செல்லும் எமது ஆவணங்கள்: பெண்கள் அறிந்திருக்க வேண்டியவை

யுத்தம் எம்மிடமிருந்து பறித்துக்கொண்டவற்றைக் கணக்கிடும்போது உயிர்களையும் வீடுகளையும் வயல் நிலங்களையும் பற்றியே முதலில் பேசுகின்றோம். அது நியாயமே. ஆனால் அவற்றோடு சேர்ந்து தொலைந்துபோன இன்னொன்றும் உண்டு. அதுதான் எமது கடதாசிகள். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பாடசாலை விடுகைப் பத்திரம், காணி உறுதி என ஒரு பையில் கட்டி வைத்திருந்த அத்தனையும் 1990ஆம் ஆண்டிலும், 1995ஆம் ஆண்டின் இடப்பெயர்விலும், 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும், 2009ஆம் ஆண்டின் வன்னிப் போரிலும் எத்தனையோ குடும்பங்களிடமிருந்து போய்விட்டன.

உள்ளூரில் இருக்கும்வரை அயலவரின் வாய்ச்சொல்லும் கிராம அலுவலரின் கடிதமும் ஓரளவுக்குக் கைகொடுக்கும். ஆனால் ஒரு பெண் தன் கணவருடன் சேர வெளிநாடு செல்ல விண்ணப்பிக்கும்போதும், ஒரு தாய் மத்திய கிழக்கில் வேலைக்குச் செல்லும்போதும், மகள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கேட்கும்போதும் அந்த நாடு கேட்பது கடதாசியை மட்டுமே. அந்தக் கடதாசியும் வெறும் கடதாசியாக இருந்தால் போதாது. "இது உண்மையானது" என்று இன்னொருவர் உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். இதையே ஆவணங்களைச் சான்றுறுதிப்படுத்தல் அல்லது அத்தாட்சிப்படுத்தல் என்கின்றோம்.

இந்த நடைமுறை பலருக்கு விளங்காத புதிராக இருப்பதாலேயே தரகர்கள் பிழைக்கின்றார்கள். விளங்கிக்கொண்டால், இது எமது பெண்கள் தாமாகவே செய்து முடிக்கக்கூடிய காரியம்.

ஏன் இந்த நடைமுறை?

கிளிநொச்சியில் ஒரு மேலதிக மாவட்டப் பதிவாளர் கையொப்பமிட்ட பிறப்புச் சான்றிதழை டோகாவிலோ ரோமிலோ உள்ள ஓர் அதிகாரி பார்க்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதிவாளர் யார், அந்தக் கையொப்பம் அவருடையதுதானா, அந்த முத்திரை உண்மையானதா என்பது ரோமில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் தனது நாட்டின் கொழும்புத் தூதரகத்தை அவருக்குத் தெரியும். அந்தத் தூதரகத்துக்கு இலங்கை வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் முத்திரையைத் தெரியும். அமைச்சுக்குக் கிளிநொச்சிப் பதிவாளரின் கையொப்பத்தைத் தெரியும். இப்படி ஒருவரை ஒருவர் அறிந்த சங்கிலி ஒன்றே சான்றுறுதிப்படுத்தல். ஒரு கையொப்பத்தை இன்னொரு கையொப்பம் உறுதிப்படுத்துகிறது; அதை மேலும் ஒரு கையொப்பம் உறுதிப்படுத்துகிறது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். அமைச்சு உறுதிப்படுத்துவது கையொப்பத்தையும் முத்திரையையும் மட்டுமே. சான்றிதழில் எழுதப்பட்டுள்ள விபரம் சரியா பிழையா என்று அது சொல்வதில்லை. பிறந்த திகதி பிழையாக எழுதப்பட்ட சான்றிதழுக்கு எத்தனை முத்திரை குத்தினாலும் திகதி பிழையாகவே இருக்கும். ஆகவே முத்திரைக்கு முன்னர் விபரத்தைத் திருத்த வேண்டும்.

இந்தச் சங்கிலியைச் சுருக்குவதற்காக 1961ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆம் திகதி ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை செய்யப்பட்டது. அதில் சேர்ந்த நாடுகளுக்கிடையே 'அப்போஸ்டில்' எனப்படும் ஒரே ஒரு சான்று போதும். தூதரகத்துக்குப் போகத் தேவையில்லை. 120க்கும் மேற்பட்ட நாடுகள் இன்று அதில் உள்ளன. இந்தியாவுக்கு இது 2005ஆம் ஆண்டிலும், கனடாவுக்கு 2024ஆம் ஆண்டு ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தது. இலங்கை அந்த உடன்படிக்கைக்கு வெளியிலேயே இருந்து வந்துள்ளது. எனவே எமது ஆவணங்கள் நீண்ட வழியாலேயே செல்ல வேண்டியிருக்கிறது. "அப்போஸ்டில் எடுத்துத் தருகிறேன்" என்று உள்ளூரில் ஒருவர் பணம் கேட்டால், எந்த அலுவலகம் அதை வழங்குகிறது என்று அவரிடம் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி

அலைச்சலைத் தொடங்குவதற்கு முன்னர் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும். எனக்கு இது தேவைதானா? எல்லா நாடுகளும் எல்லாத் தேவைகளுக்கும் சான்றுறுதி கேட்பதில்லை. பிரித்தானியா, கனடா போன்ற நாடுகளின் வீசா விண்ணப்பங்களுக்குப் பொதுவாக மூல ஆவணமும் முறையான ஆங்கில மொழிபெயர்ப்புமே கேட்கப்படுகின்றன. மத்திய கிழக்கு நாடுகள் பலவும், இத்தாலி போன்ற சில ஐரோப்பிய நாடுகளும் அமைச்சின் முத்திரையையும் தூதரகத்தின் முத்திரையையும் கேட்கின்றன. ஒரே நாட்டில்கூட வீசாவுக்கு ஒரு விதியும், அங்கே போய் விவாகம் பதிவதற்கு இன்னொரு விதியும் இருக்கலாம்.

ஆகவே ஆவணத்தைக் கேட்டது யாரோ, அவரிடமிருந்தே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். எந்த ஆவணம், எந்த மொழியில், எத்தனை மாதத்துக்குள் எடுத்த பிரதி, யாருடைய முத்திரை என்ற நான்கும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தொலைபேசியில் "எல்லாத்தையும் அடிச்சு அனுப்பு" என்று சொல்வதை நம்பி வீட்டிலுள்ள அத்தனை கடதாசிக்கும் பணம் கட்ட வேண்டாம்.

மூன்று படிகள்

முதலாம் படி, ஆவணத்தை வழங்கிய அல்லது அதற்குப் பொறுப்பான நிறுவனம். ஒவ்வொரு வகை ஆவணத்துக்கும் ஒவ்வோர் இடம் உண்டு.

- பிறப்பு, விவாக, இறப்புச் சான்றிதழ்கள்: பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழ் வரும் மேலதிக மாவட்டப் பதிவாளர் கையொப்பமிட்ட பிரதி. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.
- க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பெறுபேறுகள்: பரீட்சைத் திணைக்களம். பாடசாலை அதிபர் கையொப்பமிட்ட பெறுபேற்றுத் தாள் மட்டும் போதாது.
- பாடசாலை விடுகைப் பத்திரம்: கல்வி அமைச்சின் உறுதிப்படுத்தல்.
- பட்டச் சான்றிதழ்: அதை வழங்கிய பல்கலைக்கழகமும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும்.
- நன்னடத்தைச் சான்று: பொலிஸ் தலைமையகம் வழங்குவது. ஊர்ப் பொலிஸ் நிலையத்தின் கடிதம் இதற்கு ஈடாகாது.
- விவாகரத்துத் தீர்ப்பு: வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவாளர் உறுதிப்படுத்திய பிரதி. மாவட்ட நீதிமன்றத்தில் முதலில் இடைக்காலத் தீர்ப்பும், மூன்று மாதங்களின் பின்னர் முடிவான தீர்ப்பும் வழங்கப்படும். வெளிநாடு கேட்பது முடிவான தீர்ப்பையே.

இரண்டாம் படி, வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் அலுவல்கள் பிரிவு. முன்னர் இதற்காக எல்லோரும் கொழும்புக்கே போக வேண்டியிருந்தது. 2006ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு முத்திரைக்காகக் கப்பலுக்கும் விமானத்துக்கும் பதிந்துவிட்டுக் காத்திருந்த பெண்களுக்கு அந்த வேதனை தெரியும். கொழும்பில் தங்குமிடம், பொலிஸ் பதிவு, சோதனைச் சாவடி, தெரியாத மொழி என்று ஒரு கையொப்பத்தின் விலை அன்று மிகப் பெரிதாக இருந்தது. இன்று பத்தரமுல்லையில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு மேலதிகமாக யாழ்ப்பாணம், திருகோணமலை, கண்டி, குருநாகல், மாத்தறை ஆகிய இடங்களில் பிராந்திய கொன்சியூலர் அலுவலகங்கள் உள்ளன. யாழ்ப்பாண அலுவலகம் மாவட்ட செயலக வளாகத்தில் இயங்குகிறது. ஆவணங்களைக் கணினியில் பதிந்து உறுதிப்படுத்தும் முறையும் வந்துள்ளது. வன்னியிலோ மன்னாரிலோ இருக்கும் ஒரு சகோதரி காலையில் பஸ் ஏறினால் மாலையில் வீடு திரும்பும் தூரத்துக்கு இந்த வேலை வந்திருப்பது பெரிய ஆறுதல். புறப்பட முன்னர் தொலைபேசியில் அழைத்து முற்பதிவு வேண்டுமா, என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி, ஆவணம் செல்லவிருக்கும் நாட்டின் தூதரகம் அல்லது உயர்ஸ்தானிகராலயம். இது தேவைப்படும் நாடுகளுக்கு மட்டுமே. தூதரகங்கள் தமக்கென வேறு கட்டணமும் வேறு நாட்களும் வைத்திருக்கும். இரண்டாம் படியின் முத்திரை இல்லாமல் இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒழுங்கு மாறினால் அலைச்சல் இரட்டிப்பாகும்.

மொழிபெயர்ப்பு தேவையென்றால் பதிவுபெற்ற சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடமே செய்விக்க வேண்டும். அவரது பெயர், பதிவு இலக்கம், முத்திரை, திகதி ஆகியவை தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆங்கிலம் தெரிந்த ஆசிரியர் ஒருவர் நன்றாகவே மொழிபெயர்த்திருந்தாலும் அது ஏற்றுக்கொள்ளப்படாது. மூல ஆவணமும் மொழிபெயர்ப்பும் இரண்டும் முத்திரை பெற வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

சான்றிதழ் தொலைந்துவிட்டதா?

தொலைந்தது உங்கள் கையில் இருந்த பிரதிதான், பதிவு அல்ல. இதைப் பல பெண்கள் அறியாமல் இருக்கின்றார்கள். 1951ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பதிவு இரட்டைப் பிரதியாக எழுதப்படுகிறது. ஒன்று மாவட்ட மட்டத்தில் இருக்கும். மற்றது பதிவாளர் நாயகத்துக்கு அனுப்பப்படும். எனவே போர் நடந்த பிரதேசத்தில் ஓர் அலுவலகம் அழிந்திருந்தாலும் மற்றப் பிரதி எஞ்சியிருக்க வாய்ப்புண்டு. 1960ஆம் ஆண்டின் பின்னர் பதியப்பட்டவற்றின் பிரதிகளை எந்தப் பிரதேச செயலகத்திலும் விண்ணப்பித்துப் பெறும் வசதியும் இப்போது உள்ளது. முல்லைத்தீவில் பிறந்து வவுனியாவில் குடியேறிய பெண் இதற்காக முல்லைத்தீவுக்குப் போக வேண்டியதில்லை.

பதிவு இலக்கம் நினைவில் இல்லையென்றால், பிறந்த இடம், திகதி, பெற்றோரின் பெயர்கள் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடும்படி கேட்கலாம். பழைய அடையாள அட்டை விண்ணப்பம், பாடசாலைச் சேர்வுப் பதிவேடு, சகோதரர்களின் சான்றிதழ்கள் என்பன தேடலுக்கு உதவும்.

தேடியும் பதிவு இல்லையென்றால், பதிவு இல்லை என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். அந்தக் கடதாசி அடுத்த படிக்கு அவசியம். பிறந்து மூன்று மாதங்கள் கடந்த பின்னரும் காலங்கடந்த பதிவு செய்யச் சட்டத்தில் இடமுண்டு. அதற்கும் வழியில்லாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. ஆனால் சில நாடுகள் உத்தேச வயதுச் சான்றிதழைச் சந்தேகத்துடன் பார்க்கும் என்பதால், பதிவை உண்டாக்கிக்கொள்ளும் வழியையே முதலில் முயல்வது நல்லது.

பெயர் ஒன்று, எழுத்து மூன்று

எமது விண்ணப்பங்கள் திரும்பி வருவதற்கு ஒரு பெரிய காரணம் பெயர் வித்தியாசம். பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயருடன் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் கணவர் பெயருடன் இன்னொரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறு ஆங்கில எழுத்துக் கூட்டலுடனும் இருக்கும். முகாமில் பதிந்தவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் பின்னர் எல்லா ஆவணங்களிலும் தொற்றிக்கொண்டதும் உண்டு. எமக்கு அது ஒரே ஆள். வெளிநாட்டு அதிகாரிக்கு அது மூன்று ஆட்கள்.

முதலில் எல்லா ஆவணங்களையும் ஒரு மேசையில் பரப்பி வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் பெயர், தாய் தந்தையர் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம் ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டும். பிறப்புப் பதிவில் பிழை இருந்தால் பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பில் வரும் ஆங்கில எழுத்துக் கூட்டலைக் கடவுச்சீட்டில் உள்ளவாறே எழுதும்படி மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லுங்கள். சிறிய வித்தியாசங்களுக்கு, "இவ்விரு பெயர்களாலும் அறியப்படுபவர் ஒருவரே" என்று சமாதான நீதவான் முன்னிலையில் செய்யும் சத்தியக்கடதாசி சில இடங்களில் ஏற்றுக்கொள்ளப்படும். ஆனால் திருத்தம் செய்யக்கூடிய பிழையைச் சத்தியக்கடதாசியால் மூடி மறைக்க முயல்வது பின்னர் சிக்கலைத் தரும்.

தாலி கட்டியது உண்மை, பதிவு இல்லை

போர்க்காலத்தில் நடந்த திருமணங்கள் பல பதியப்படவில்லை. கோயிலில் தாலி கட்டி, ஊரறிய வாழ்ந்தவர்கள் "பதிவு பிறகு பார்க்கலாம்" என்று விட்டுவிட்டார்கள். பதிவாளர் இல்லாத இடங்களில், பதுங்குகுழிக்கும் பதுங்குகுழிக்கும் இடையில் நடந்த கலியாணங்களும் உண்டு. முஸ்லிம் சகோதரிகளிடையேயும் நிக்காஹ் நடந்தும் பதியாமல் போன விவாகங்கள் உண்டு. இலங்கைச் சட்டம் வழக்காற்று முறைப்படி நடந்த விவாகத்தைப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடுவதில்லை. ஆனால் வெளிநாட்டுத் தூதரகத்திடம் வழக்காற்றை நிரூபிப்பது கடினம். அது கேட்பது விவாகச் சான்றிதழை.

கணவர் உயிரோடு, தொடர்பில் இருந்தால் இன்றே பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவுத் திகதிக்கும் பிள்ளைகளின் பிறந்த திகதிகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை மறைக்க முயல வேண்டாம். உண்மையை அப்படியே கடிதமாக எழுதி, கோயில் கடிதம், திருமணப் படங்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றை இணைத்துக் கொடுப்பதே பாதுகாப்பானது. ஒரு பொய்யான திகதி பிடிபட்டால் உண்மையான திருமணமும் சந்தேகத்துக்குள்ளாகும்.

காணாமற்போன கணவரும் கேட்கப்படும் சான்றிதழும்

இந்தப் பகுதியை எழுதுவது இலகுவானதல்ல. கணவர் காணாமற்போன பெண்ணிடம் படிவங்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். விவாகமானவரா, விதவையா, விவாகரத்துப் பெற்றவரா? அவள் இந்த மூன்றிலும் அடங்கமாட்டாள். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போனால் தாய், தந்தை இருவரின் சம்மதமும் கேட்கப்படும். தந்தையின் கையொப்பத்துக்கு அவள் எங்கே போவாள்?

2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இறப்புகளைப் பதிவுசெய்தல் (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம், போரினால் காணாமற்போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி செய்தது. பலர் அதைப் பெற மறுத்தார்கள். உடலும் காணாமல், விசாரணையும் இல்லாமல் "இறந்துவிட்டார்" என்று எப்படி எழுதிக் கொடுப்பது என்ற அவர்களது கேள்வியில் நியாயம் இருந்தது. பின்னர் 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் 'காணப்படாமைச் சான்றிதழ்' என்ற வேறொரு வழியைக் கொண்டுவந்தது. இது இறந்துவிட்டார் என்று சொல்லாது; ஆளைக் காணவில்லை என்பதை மட்டும் அரசின் பெயரால் ஏற்றுக்கொள்ளும். உதவிக் கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும், சொத்துக்களைப் பராமரிக்கவும், பிள்ளைகளின் தற்காலிகப் பாதுகாவலுக்காக நீதிமன்றத்தை நாடவும் இது உதவும். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமும் பதிவாளர் நாயகம் திணைக்களமும் இதனோடு தொடர்புடையவை.

ஆனால் இதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். மறுமணத்துக்கு இச்சான்றிதழ் போதாது. இத்தகைய சான்றிதழ் உலகில் சில நாடுகளிலேயே உண்டு என்பதால், வெளிநாட்டு அதிகாரி இதைப் பார்த்தே இருக்கமாட்டார். எனவே வெளிநாட்டுத் தேவைக்கு இதைக் கொடுக்கும்போது மொழிபெயர்ப்புடன், எந்தச் சட்டத்தின் கீழ் இது வழங்கப்பட்டது, இதன் பொருள் என்ன என்று விளக்கும் கடிதம் ஒன்றையும் சட்டத்தரணி மூலம் இணைப்பது நல்லது. பிள்ளையின் பயணத்துக்குப் பாதுகாவல் பற்றிய நீதிமன்றக் கட்டளை இருந்தால் அதுவே பலமான ஆவணம். சட்ட உதவி ஆணைக்குழுவின் மாவட்ட நிலையங்களில் வசதி குறைந்தவர்களுக்கு இலவச ஆலோசனை கிடைக்கும்.

எந்தச் சான்றிதழைப் பெறுவது என்பதை அந்தப் பெண்ணே தீர்மானிக்க வேண்டும். "இறப்புச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம்" என்று அலுவலரோ உறவினரோ வற்புறுத்துவது சரியல்ல. அதை எடுத்த பெண்ணைக் குறைகூறுவதும் சரியல்ல. பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக ஒரு தாய் அந்தக் கடதாசியில் கையொப்பமிட்டால், அவள் தன் கணவரை மறந்துவிட்டாள் என்பது பொருளல்ல.

அங்கிருந்து இங்கே வரும் கடதாசிகள்

சங்கிலி மறுபுறமும் ஓடுகிறது. வெளிநாட்டில் பெற்ற விவாகரத்துத் தீர்ப்பு, அங்கே இறந்தவரின் இறப்புச் சான்றிதழ் ஆகியவை இங்கே பயன்பட வேண்டுமென்றால், பொதுவாக அந்த நாட்டின் அதிகாரிகளும், அங்குள்ள இலங்கைத் தூதரகமும், பின்னர் இங்குள்ள கொன்சியூலர் பிரிவும் உறுதிப்படுத்த வேண்டும். ஆகவே அங்கிருக்கும் உறவினரிடம் "வட்ஸ்அப்பில் படம் அனுப்பு" என்று கேட்பதோடு நிற்காமல், இலங்கைத் தூதரகத்தின் முத்திரையுடன் மூலப் பிரதியை அனுப்பும்படி கேளுங்கள்.

எமது பகுதிகளில் அதிகம் வருவது அற்றோணித் தத்துவம். வெளிநாட்டில் இருக்கும் அண்ணனோ மகனோ தனது காணி விடயத்தை இங்கே கவனிக்க ஒருவருக்கு அதிகாரம் கொடுப்பதே இது. இலங்கைத் தூதரகத்தின் முன்னிலையில் கையொப்பமிட்டு அனுப்பப்படும் அந்த ஆவணம் இங்கே பதிவு செய்யப்பட வேண்டும். உங்கள் பெயரில் அதிகாரம் தரப்பட்டால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துப் பாருங்கள். பராமரிக்க மட்டுமா, விற்கவுமா? அதேபோல, நீங்கள் வெளிநாடு போகும் அவசரத்தில் வெற்றுத் தாளிலோ வாசிக்காத அற்றோணித் தத்துவத்திலோ கையொப்பமிட வேண்டாம். சீதனக் காணியை இப்படி இழந்துவிட்டால் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்களிடம் இந்தியப் பிறப்புச் சான்றிதழ் இருக்கும். அது பிறப்பை நிரூபிக்கும். இலங்கைக் குடியுரிமையைத் தராது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் 5(2)ஆம் பிரிவின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் பிறப்பை ஒரு வருடத்துக்குள், அல்லது பின்னர் அனுமதியுடன், இலங்கைத் தூதரகத்திலோ குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திலோ பதிய வேண்டும். சென்னையில் இதற்கு இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயம் உள்ளது. 2003ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்னர் தந்தை வழியாகவே குடியுரிமை கடத்தப்பட்டது. அத்திருத்தத்தின் பின்னர் தாய் வழியாகவும் அந்த உரிமை உண்டு. தந்தை இல்லாத பிள்ளைகளின் தாய்மார் இதைத் தெரிந்திருக்க வேண்டும். நாடு திரும்பி வருடங்கள் பல ஆகியும் இப்பதிவைச் செய்யாமல் விட்டதால், அடையாள அட்டை எடுக்கும் வயதில் பிள்ளை நிற்கதியாக நிற்பதைத் தவிர்க்கலாம்.

தரகரிடம் எச்சரிக்கை

நேரமும் மொழியும் இல்லாதவர்களுக்கு உதவி தேவைதான். ஆனால் உதவுபவருக்கும் ஏமாற்றுபவருக்கும் வித்தியாசம் உண்டு. பற்றுச்சீட்டுத் தராதவர், மூல ஆவணங்களைத் தம்மிடமே வைத்திருப்பவர், "உள்ளுக்கு ஆள் இருக்கு" என்பவர், "திகதியை மாற்றித் தருகிறேன்" என்பவர் ஆகிய நான்கு பேரிடமும் விலகியிருங்கள். போலி முத்திரை பிடிபட்டால் தரகர் அங்கே நிற்கமாட்டார். விண்ணப்பித்த பெண்ணின் பெயரே கறுப்புப் பட்டியலில் ஏறும். வழக்கும் அவள்மீதே வரும். பல நாடுகளில் போலி ஆவணம் கொடுத்தவருக்குப் பல வருடங்களுக்கு வீசா மறுக்கப்படும்.

அரச கட்டணங்கள் காலத்துக்குக் காலம் மாறும். அலுவலகத்தில் காட்சிப்படுத்தியிருக்கும் கட்டணத்தைப் பார்த்து, கருமபீடத்தில் கட்டி, பற்றுச்சீட்டைப் பெற்றுக்கொள்ளுங்கள். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. படிவத்தையும் விளக்கத்தையும் தமிழில் கேட்பது உங்கள் உரிமை; அதற்குத் தயங்க வேண்டியதில்லை.

வீட்டில் வைத்திருக்க வேண்டிய பைல்

வெளிநாடு போகும் எண்ணம் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பெண்ணும் பின்வருவனவற்றைச் செய்து வைப்பது நல்லது.

1. தனக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதிகள் இரண்டு எடுத்து வையுங்கள்.
2. மூல ஆவணங்களை லமினேற் செய்ய வேண்டாம். பிளாஸ்டிக்கின் மேல் முத்திரை குத்தவும் முடியாது, உரித்தால் கடதாசியும் கிழியும். தெளிவான பிளாஸ்டிக் உறையில் வைத்தாலே போதும்.
3. பதிவு இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கடதாசி தொலைந்தாலும் இலக்கம் இருந்தால் மறுபிரதி சுலபம்.
4. எல்லாவற்றையும் கைத்தொலைபேசியில் படமெடுத்து, நம்பிக்கையான உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள்.
5. யாரிடமாவது மூல ஆவணத்தைக் கொடுத்தால் திகதியுடன் கையொப்பம் வாங்குங்கள்.
6. வெளிநாட்டு வேலைக்குப் போகும் சகோதரிகள் ஒரு தொகுதிப் பிரதிகளை வீட்டில் விட்டுச் செல்லுங்கள். கடவுச்சீட்டை அங்கே எவரேனும் பறித்து வைத்தாலும், இங்குள்ள பிரதி உங்களைத் தேடுவதற்கு உதவும்.

இந்த வேலைகளைத் தனியாகச் செய்வது சிலருக்குத் தயக்கமாக இருக்கலாம். மாதர் சங்கக் கூட்டங்களில் ஒரு நாளை இதற்காக ஒதுக்கி, ஒவ்வொருவரும் தமது கடதாசிகளைக் கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். எழுத வாசிக்கத் தெரிந்த சகோதரி ஒருவர் மற்றவருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கலாம். நால்வர் சேர்ந்து யாழ்ப்பாணத்துக்கோ திருகோணமலைக்கோ போனால் பயமும் செலவும் குறையும், வழியும் பழகும்.

ஒரு முத்திரை பெரிய காரியமாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அந்த முத்திரை இல்லாததால் கணவனும் மனைவியும் வருடக்கணக்கில் பிரிந்திருப்பதும், மகளின் படிப்பு தடைப்படுவதும், உழைத்த பணம் அந்நிய நாட்டில் முடங்குவதும் எம்மிடையே நடக்கின்றன. இடம்பெயர்ந்த நாட்களில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினோம். இன்று அப்படி ஓட வேண்டியதில்லை. அமைதியாக இருக்கும் இந்த நாட்களில் எமது பெயரையும் எமது பிள்ளைகளின் பெயரையும் ஒழுங்காக எழுதுவித்து, உறுதிப்படுத்தி, பத்திரமாக வைத்துக்கொள்வோம்.